வேலை இடத்தில் மாமா கிடையாது

இந்த நாற்காலி கொஞ்சம் ஆடுகிறது. எனக்காகச் சொல்லவில்லை, எனக்கு அடுத்து வந்து உட்காரப் போகிறவருக்காகச் சொல்கிறேன். ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை நாலாக மடித்து வைத்தால் சரியாகிவிடும். என் அறையில் இருப்பது சுழல் நாற்காலி, முதுகுக்கு மெத்தை வைத்தது. உடம்பு அதற்குப் பழகிவிட்டது. ஆனாலும் நான் குறை சொல்கிற ஆள் இல்லை. கிடைத்ததை வைத்துச் சமாளித்த தலைமுறை நாங்கள்.

நீங்கள் கேட்டது என் தங்கை மகனைப் பற்றி. சொல்கிறேன். அதற்கு முன்னால் அவன் வயதுக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு வேறு மாதிரி தோன்றிவிடும்.

நான் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஓர் உரை நிகழ்த்துவேன். ‘எனக்கு வேண்டும் என்கிற வியாதி’ என்று தலைப்பு. இன்றைய பிள்ளைகள் ஏன் உருப்படுவதில்லை என்பதை அதில் விலாவாரியாக விளக்குவேன். லிஃப்டில் ஏறுகிறவனுக்குப் படிக்கட்டின் அருமை தெரியாது என்று முடிப்பேன். லிஃப்ட் கம்பெனியில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லலாமா என்று நிர்வாகத்தில் ஒருமுறை கேட்டார்கள். உவமை என்று விளக்கினேன்.

என் தங்கை மகன் அந்த உரையைக் கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். மேலே போனவர்கள் எல்லாரும் எதையாவது கேட்டு வாங்கித்தானே போயிருப்பார்கள், கேட்காதவர்களுக்கு யார் கூப்பிட்டுக் கொடுத்தார்கள் என்றான். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் அவனுக்குத் துரை என்று பட்டம் வைத்தேன். துரைக்கு விளக்கம் வேணுமாம், துரைக்குக் கையுறை வேணுமாம், துரை ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாராம். பேர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

அவனைச் சேர்த்துவிடச் சொல்லி வந்தவள் என் தங்கை. கணவர் போன பிறகு தையல் மெஷினை மிதித்தே அவனைப் படிக்கவைத்தவள். “உன் புள்ளை மாதிரி பாத்துக்கண்ணா” என்றாள். அங்கேதான் நான் கறாராக இருந்தேன். சொந்தக்காரன் என்று சலுகை காட்டினால் பையனின் எதிர்காலமே பாழாகிவிடும். முதல் நாளே அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“வீட்டுலதான் மாமா. இங்க சார். மாமான்னு கூப்பிட்டா எனக்குக் காது கேக்காது.”

“சரிங்க மாமா” என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். வேண்டுமென்றே சொன்னான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு பெரும்பாலும் சார்தான். பதற்றத்தில் மட்டும் பழைய வார்த்தை வந்துவிடும். ஒருமுறை இரண்டு கையிலும் கிரீஸ் டப்பாவோடு என் அறை வாசலில் நின்று, “மாமா, கதவு” என்றான். நான் தினசரியில் ஒரு பக்கம் முழுக்கப் படித்து முடித்தேன். அவனுக்கு ‘சார்’ ஞாபகம் வந்தது, கதவு திறந்தது. வளர்ப்பு என்றால் இப்படித்தான்.

என் மகனைப் பற்றி நீங்கள் கேட்கக்கூடும். அவனும் அதே கம்பெனியில்தான் இருக்கிறான். அது வேறு. அவனுக்கு உயரம் என்றால் தலை சுற்றும், எண்ணெய் வாடை ஒத்துக்கொள்ளாது, காலையில் எழுந்திருப்பதும் கொஞ்சம் சிரமம். அதனால் அலுவலகத்தில், ஏசி அறையில், ஓர் இடம் பார்த்துக் கொடுத்தேன். அவன் இதுவரை எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய நிலையில் நான் அவனை வைத்ததில்லை. அடக்கம் அப்படித்தான் வரும்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் மாமனார் அந்தக் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். இருந்தும் நான் அடிமட்டத்திலிருந்துதான் தொடங்கினேன். கல்யாணத்துக்கு அடுத்த வாரம், உதவி மேற்பார்வையாளராக. என் அறை உண்மையிலேயே தரைத்தளத்தில்தான் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். சமீபத்தில் அந்த உதவி மேற்பார்வையாளர் இடம் காலியானது. நிர்வாகத்தில் தேர்வு வைத்தார்கள். துரை முதலாவதாக வந்தான். என் மகன் தேர்வுக்கு வந்தான், அதுவே எங்கள் வீட்டில் பெரிய விஷயம். அவனுக்கே அந்த இடம் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. துரை நேராக என் அறைக்கு வந்தான்.

“அந்த இடம் எனக்கு வர வேண்டியது, சார்.”

சார் போட்டான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘வர வேண்டியது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கிடைக்குமா என்று கேட்கவில்லை. பார்த்துச் செய்யுங்கள் என்று குழையவில்லை. பேருந்து வர வேண்டிய நேரம் என்பது போலச் சொன்னான். அப்படி ஒரு பிள்ளை பின்னால் என்ன ஆவான் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

பழைய கட்டடம் ஒன்றின் லிஃப்ட் வேலை பாக்கி இருந்தது, அதை முடி, பிறகு பேசலாம் என்றேன். அந்த வேலை எப்படி என்றால், ஒருவன் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, சுவரோடு போகிற இரும்புத் தண்டவாளங்களுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டே வருவான். இன்னொருவர் உச்சியில், மோட்டார் அறையில், பச்சைப் பொத்தானை அழுத்திப் பெட்டியை மெதுவாக மேலே ஏற்றுவார். விரலை எடுத்தால் பெட்டி நிற்கும். கூரைமேல் நிற்கிறவனே நிறுத்திக்கொள்ள அங்கே ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு. அந்த லிஃப்டில் அது வேலை செய்யவில்லை.

அதை மாற்றினால்தான் ஏறுவேன் என்றான் துரை. எங்கள் காலத்தில் சுவிட்ச் ஏது, எல்லாம் குரல்தான் என்றேன். நான் கூரைமேல் ஏறியதில்லை என்பது வேறு விஷயம், ஏறினவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் அசையவில்லை.

“சரி, மோட்டார் ரூம்ல நானே நிக்கிறேன். நீ நிறுத்துங்கன்னா நிறுத்துறேன். போதுமா துரை?”

கிரீஸ் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“நீங்க நிக்கிறீங்கன்னா சரி, மாமா.”

அப்போதே எனக்குக் காது கேட்கவில்லை.

மோட்டார் அறையில் வழக்கமாக நிற்கிற எலெக்ட்ரீஷியனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். ஒரு பொத்தானுக்கு இரண்டு பேர் எதற்கு. அந்த அறையின் தரையில், கம்பிவடம் இறங்கிப் போகிற ஓட்டை ஒன்று இருக்கும். அவன் குரல் அது வழியாக வந்தது. “மேல போலாம் சார்” என்பான், அழுத்துவேன். “நிறுத்துங்க சார்” என்பான், எடுப்பேன். ஒவ்வொரு மாடியாக ஏறினோம். மாமனும் மருமகனும் அவ்வளவு ஒத்துப்போய் வேலை பார்த்தது அதுதான் முதல் தடவை. இவனை மாற்றிவிட்டோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உச்சிக்குப் பக்கத்தில் வரும்போது, கூரைமேல் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நிறுத்தவேண்டும். அங்கே அவன், “நிறுத்துங்க” என்றான்.

அவ்வளவுதான். சார் இல்லை.

காத்திருந்தேன். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. இழுத்துச் சொன்னாலும் ஒரு மூச்சுக்குள் அடங்கிவிடும். பெட்டி மெதுவாகத்தான் ஏறும், யோசிக்கிறவனுக்கு அவகாசம் உண்டு. அவன் யோசித்திருக்கலாம். அதற்குப் பதிலாக, “நிறுத்துங்க மாமா” என்றான். பிறகு ‘நிறுத்துங்க’வையும் விட்டுவிட்டு மாமா, மாமா என்று மட்டும் கூப்பிட்டான்.

சொந்தம் என்றால் எல்லாம் நின்றுவிடும் என்கிற எண்ணம். நான் உரையில் சொல்வது இதைத்தான்.

வேலை இடத்தில் அந்த வார்த்தை எனக்குக் கேட்காது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதற்கு மேல் போக வழியில்லாமல் பெட்டி தானாக நின்றது. அப்புறம் விரலை எடுத்தேன்.

கேட்டதா கேட்கவில்லையா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நன்றாகக் கேட்டது. எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தியிருக்க முடியுமா என்றால், முடியும். கோபத்தில் செய்ததா என்றால், இல்லை. எனக்குக் கோபமே வராது என்று அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எலெக்ட்ரீஷியன் படியேறி வரும்போது லிஃப்ட் கதவுக்குப் பின்னால் அந்தக் குரலைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறான், இல்லையா. டீ குடிக்கப் போனவன் இத்தனை சீக்கிரம் திரும்புவான் என்று நான் நினைக்கவில்லை. படிக்கட்டின் அருமையை என்னிடம் கற்றுக்கொண்டவன் அவன் ஒருவன்தான் போலிருக்கிறது.

தங்கை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “கடைசியா எதாவது சொன்னானாண்ணா?” அம்மா என்றான் என்று சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. சொந்தக்காரர்களுக்கு நான் ஒன்றும் செய்யாதவன் இல்லை.

உரிமை கொண்டாடுகிறவன் வாழ்க்கையில் மேலே போகமாட்டான் என்று உரையில் ஒரு வரி வரும். அதை இனிமேல் திருத்த வேண்டும். போவான். அங்கே நிற்க இடம் இருக்காது. அந்த உதவி மேற்பார்வையாளர் இடத்தில் இப்போது என் மகன் இருக்கிறான். சிவப்பு சுவிட்சை உடனே மாற்றச் சொன்னதுதான் அவன் போட்ட முதல் உத்தரவு. நிர்வாகத்தில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.

போகும்போது ஓர் உதவி செய்யுங்கள். பக்கத்து அறையில் இருக்கிற உங்கள் பெரிய அதிகாரி என் மாமனாருக்குச் சித்தப்பா மகன். எங்கள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். என்னை இப்படி ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு டீகூடத் தராமல், இதையெல்லாம் எழுதி வாங்குகிறீர்கள் என்று தெரிந்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். நான் சலுகை கேட்கவில்லை. எனக்கு வர வேண்டியதைத்தான் கேட்கிறேன்.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள். நானே கூப்பிட்டுக்கொள்கிறேன். மாமா என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எதுவாக இருந்தாலும் அப்படியே நிறுத்திவிடுவார்.