பதினேழாம் நம்பரும் ஒரு விசிலும்

— பொம்மை சிரிக்குதுண்ணே. லெப்ட்-ரைட் சார் கோட்டைப் போயும் போயும் சிரிக்கிற பொம்மைக்கா மாட்டப் போறீங்க?

— துணிக்கடையில இரவல் கேட்டா இதைத்தான் குடுத்தான், தங்கச்சி. சிரிக்காத பொம்மையெல்லாம் வேலையா இருக்காம்.

— முப்பது வருஷமா அவர் பள்ளிக்கூடத்துல மணி அடிச்சீங்களே, பிரின்சிபால் சார் சிரிச்சு ஒரு தடவையாவது பார்த்திருக்கீங்களா?

— ஒரே ஒரு தடவை. மேலதிகாரி வந்து நிக்கிறாரு, நான் கம்பீரமா மணி அடிக்கிறேன், மணி கழண்டு நேரா என் கால்ல விழுந்துச்சு. அப்ப அவர் மீசை ஒரு பக்கமா நகர்ந்துச்சு. நான் அதைச் சிரிப்புன்னு எடுத்துக்கிட்டேன்.

— இடுப்புல நாலு இஞ்ச் பிடிக்கணும். இந்தப் பொம்மைக்கு வயிறே இல்ல. பையைத் தட்டினா சாக்பீஸ் தூளா கொட்டுது. பட்டாளத்துக் கோட்டைப் போட்டுக்கிட்டுக் கணக்குப் பாடம் எடுத்த ஆளு உலகத்துலயே இவர் ஒருத்தராத்தான் இருப்பாரு.

— கொளுத்துற வெயில்லயும் போடுவாரே. கேட்டா, "வெயிலைப் பார்த்துப் பின்வாங்கச் சொல்றியா?"ம்பாரு. சீக்கிரம் தை. நாளைக்குக் காலையில நினைவுக் கூட்டம். இந்தக் கோட்டு கண்ணாடிப் பெட்டிக்குள்ள போனாத்தான் கமிட்டிக்காரங்க என்னை வீட்டுக்கு விடுவாங்க.

— உங்க பேண்ட் இடுப்பைப் பிடிக்கச் சொல்லி வரலையா இன்னிக்கு?

— இல்ல.

— அதிசயமா இருக்கு. சார் போன இந்தப் பதினஞ்சு நாளாத்தான் அது வரல. அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் என்ன பாடு படுத்தினீங்க! திங்கக்கிழமை இடுப்பைப் பிடிங்கறீங்க, புதன்கிழமை விடுங்கறீங்க, வெள்ளிக்கிழமை மறுபடி பிடிங்கறீங்க. அது வயிறா, கொல்லன் துருத்தியா? நடுநாள்ல ஊசி கேட்டு வர்றது, நூல் கேட்டு வர்றது, ஒண்ணும் கிடைக்காட்டி மணி கேட்டு வர்றது. மணி அடிக்கிறவரே வந்து என்கிட்ட மணி என்னன்னு கேட்டா, நான் யாரைப் போய்க் கேட்கறது?

— வயசானா வயிறு ஒரு நிலையில நிக்காது. அதை விடு. நாளைக்கு வர்றே இல்ல?

— நானா? "பழைய மாணவர்கள் அனைவரும்"னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. நான் ஒன்பதாவதைப் பாதியில விட்டவ. பாதி மாணவியை உள்ளே விடுவீங்களா?

— ஒரு காலை மட்டும் உள்ளே வை.

— விளையாடாதீங்க. எனக்குக் கடை இருக்கு.

— ஊரே கடையைச் சாத்திட்டு வருது. வெள்ளத்துல ஒரு தெருவே மூழ்கினப்போ பள்ளிக்கூடத்தைத் திறந்து விட்டாரே, அந்தத் தெரு மொத்தமும் வருது.

— அதுல நாங்களும்தானே இருந்தோம். நான் அப்ப எட்டாவது. கரும்பலகையில கட்டம் போட்டு, யார் பெருக்கணும், யார் தண்ணி தூக்கணும்னு வீட்டுக்கு ஒரு வேலை எழுதிட்டாரு. காலையில அஞ்சு மணிக்கு விசில்! முட்டி வலின்னு பத்து வருஷமா நகராத எங்க பெரியம்மா, வரிசையில நின்னு கையையும் காலையும் வீசறாங்க.

— தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் மூட்டையைக் கட்டினாங்க. உங்க பெரியம்மா மட்டும் இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னாங்களே.

— ஆமாண்ணே. வீட்டுக்கு வந்ததும் முட்டி பழையபடி வலிக்க ஆரம்பிச்சிடுச்சு.

— அப்படிப்பட்ட மனுஷனுக்கு நீ வந்து ஒரு பூ வைக்கக் கூடாதா?

— அவர் முகத்துல எப்படிண்ணே முழிப்பேன்?

— போய்ச் சேர்ந்தவர் முகத்துலயா?

— இந்தப் பொம்மை முகத்துல கூட முழிக்க முடியாது. பத்தொன்பது வருஷமா அவருக்குப் பயந்து மிஷினுக்கு அடியில குனிஞ்சே காலத்தை ஓட்டினவ நான். தினம் எட்டுப் பத்துக்கு வாசல்ல வந்து நிப்பாரு. உள்ளே எட்டிப் பார்ப்பாரு. பையிலேர்ந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து ஏதோ எழுதுவாரு. போயிடுவாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. நான் கீழே ஊசி தேடிக்கிட்டிருப்பேன்.

— பத்தொன்பது வருஷமா ஒரே ஊசியா?

— சிரிப்பீங்க. அவர் படுக்கையில விழுந்த பிறகும் எட்டுப் பத்தானா என் தலை தானா குனியுது, தெரியுமா?

— சரி, வராட்டிப் போ. எனக்குத்தான் நேரம் சரியில்ல. கண்ணாடிப் பெட்டிக்குச் சாமான் சேர்த்தாங்க. தொப்பி இருக்கு, பிரம்பு இருக்கு, பதக்கம் ரெண்டு இருக்கு. அந்தப் பட்டாளத்து விசிலை மட்டும் காணோம். கமிட்டித் தலைவர் எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்கறாரு, "மத்ததெல்லாம் பத்திரமா இருக்கு, விசில் மட்டும் கால் முளைச்சு நடந்து போச்சா?"ன்னு.

— ஐயோ, உங்களையா கேட்டாரு?

— "நாளைக்குள்ள விசில் வரலைன்னா நீ மேடைப் பக்கமே வராதே"ன்னுட்டாரு. முப்பது வருஷம் அவருக்கு மணி அடிச்சவன், அவர் கூட்டத்துக்கு வெளியே நிக்கணும். நிக்கிறேன், என்ன இப்போ.

— அண்ணே.

— ம்.

— அந்தப் பட்டன் டப்பாவை எடுங்க. பெரிசு இல்ல, அதுக்குப் பக்கத்துல. கீழே கொட்டுங்க.

— சட்டைப் பட்டன்... கொக்கி... பாதி சாக்பீஸ்... அடடே!

— கத்தாதீங்க. நான் திருடல. விளையாட்டு விழாவுக்கு அணிவகுப்பு பழக்கினாரு. பொண்ணுங்க வரிசைக்கு என்னைத் தலைவியாப் போட்டாரு. எனக்குத்தான் நாலு பேர் முன்னாடி வாயே திறக்காதே. "குரல் வரலைன்னா இதை ஊது"ன்னு தன் கழுத்துலேர்ந்து கழட்டிக் குடுத்தாரு. மூணாம் நாள் எங்க அம்மா போயிட்டாங்க. பெரிய தம்பி நாலாவது, சின்னவன் ரெண்டாவது. அம்மாவோட மிஷின்ல நான் உட்கார்ந்தேன். விசிலைத் திருப்பிக் குடுக்கப் போனா, "ஏன் வரல?"ன்னு கேட்பாரேன்னு பயந்து ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். ஒரு வாரம் ஒரு வருஷமாச்சு. அப்புறம் எந்த முகத்தோட போறது? அந்த நோட்டுல தினமும் "விசில் இன்னும் வரவில்லை"ன்னுதான் எழுதறாருன்னு நினைச்சுக்கிட்டே... நீங்க ஏன் சிரிக்கிறீங்க?

— உன்கிட்டதான் இருக்குன்னு எனக்குத் தெரியும், தங்கச்சி.

— தெரியுமா!

— உன் சின்னத் தம்பி மூணாவது படிக்கும்போதே உளறிட்டான். "எங்க அக்கா விசில் ஊதித்தான் சார் எங்களை எழுப்பறா. எழுந்திரிக்கலைன்னா காதுக்குள்ளயே ஊதறா"ன்னு சார்கிட்டயே வந்து புகார்!

— அந்தக் கழுதையை நான் அப்பவே...

— அன்னிக்கும் மீசை நகர்ந்துச்சு.

— ஒரே தடவைன்னீங்களே?

— ரெண்டு. இது உன் விஷயம்னு மறைச்சேன்.

— தெரிஞ்சும் கமிட்டித் தலைவர்கிட்ட ஏண்ணே திட்டு வாங்கினீங்க?

— சாரே பத்தொன்பது வருஷம் சொல்லாததை நான் ஒரு திட்டுக்குப் பயந்து சொல்லுவேனா? நீயா எடுத்து வைக்கணும்னு இருந்தேன். வச்சுட்டே.

— அப்ப அந்த நோட்டுல என்னதான் எழுதினாரு?

— இந்தா, என் பையிலதான் இருக்கு. இது கடைசி நோட்டு. இதுக்கு முன்னாடி பத்து நோட்டு அலமாரியில இருக்கு. படி.

— நீங்களே படிங்க. என் கை ரெண்டும் கோட்டுல இருக்கு.

— முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. படிப்பைப் பாதியில விட்ட யாரோட பேரையும் அவர் வருகைப் பட்டியல்லேர்ந்து அடிக்கவே இல்ல. ரிட்டயர் ஆன பிறகும் அடிக்கல. பட்டாளத்துப் பழக்கமாம். காலையில வரிசையில ஒருத்தன் குறைஞ்சா, ஓடிட்டான்னு எழுதிடக் கூடாதாம். காவலுக்கு நிக்கலாம், சமையல்ல இருக்கலாம், எங்கேயோ பாலம் கட்டிக்கிட்டிருக்கலாம். எங்கே இருக்கான்னு கண்ணால பார்த்துட்டுத்தான் எழுதணுமாம். அதான் தினம் ஒரு சுத்து. லாரி ஷெட்டு, சலூன், மூலைக்கடை, கடைசியா உன் கடை. மொத்தம் முப்பத்தோரு பேரு.

— மூலைக்கடைக்காரனுக்கு என்ன போட்டிருக்காரு?

— "தூக்கம்." எல்லாப் பக்கத்துலயும் "தூக்கம்."

— சரியாத்தான் போட்டிருக்காரு. எனக்கு...?

— "பதினேழாம் எண். கால் மட்டும் தெரிந்தது. பணியில்."

— என்னது?

— "பணியில்." மறுநாளும் "பணியில்." அதுக்கு மறுநாள், "பணியில். சின்னத் தம்பிக்கு வேலை உத்தரவு வந்தது." பழைய நோட்டுல பார்க்கணுமே, "பணியில். தம்பிகள் இருவரும் மணி அடிக்கும் முன்பே வந்தனர்"னு வருஷக்கணக்கா இருக்கும்.

— வரலைன்னு...?

— ஒரு நாள் கூட இல்ல.

— இதுக்கா இத்தனை வருஷம் ஒளிஞ்சேன்!

— ஏய், கோட்டை நனைச்சுடாதே. அழணும்னா அந்தப் பக்கமா திரும்பிக்கோ.

— அழல. சாக்பீஸ் தூளு.

— இன்னொண்ணும் இருக்கு. பின் அட்டையில அவரே போட்ட சாமான் பட்டியல். "விசில் ஒன்று. உரிய ஆளிடம்." அதனால அதைப் பெட்டிக்குள்ள வைக்க முடியாது. நாளைக்குக் கூட்டத்தை நீதான் ஊதித் தொடங்கணும்.

— தலைவர் சண்டைக்கு வருவாரு.

— ஊது, அவரும் ஓடிவந்து வரிசையில நிப்பாரு. அவரும் லெப்ட்-ரைட் சார்கிட்ட குட்டு வாங்கினவர்தான். எட்டுப் பத்துக்கு வந்துடு. லேட்டானா மைதானத்தை ரெண்டு சுத்து.

— வர்றேண்ணே. நாளைக்குக் கடைக்குப் பூட்டு. அந்த நோட்டைக் குடுங்க, என் கண்ணால ஒரு தடவை பார்த்துக்கறேன்.

— அதெல்லாம் நாளைக்கு. கோட்டைக் குடு, நான் கிளம்பறேன்.

— குடுங்கன்னா! ...அண்ணே, கடைசி ரெண்டு மாசம் அவர் எழுந்து நடக்கவே இல்லையே?

— பாவம், கட்டிலை விட்டு இறங்க முடியல.

— அப்புறம் எப்படி அந்த ரெண்டு மாசமும் ஒரு நாள் விடாம "பணியில்"னு இருக்கு? இது அவர் கையெழுத்தும் இல்ல. கோழி கிளறின மாதிரி இருக்கு.

— அவர் சொல்லுவாரு, நான் எழுதுவேன். அதுக்கு முன்னாடி தினமும் ஒரு கேள்வி. "கண்ணால பார்த்தியா?" பார்த்தேன் சார்னு சொன்னாத்தான் பேனாவையே குடுப்பாரு.

— நீங்க எப்பண்ணே பார்த்தீங்க?

— பேண்ட் முதல்லேர்ந்தே சரியாத்தான் இருந்துச்சு, தங்கச்சி.