ஆறு நாளும் நலம்

மனித குலம் இயற்கையிடம் திரும்பிப் போயே ஆக வேண்டும் என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை. இந்த நம்பிக்கை எனக்குச் சென்ற தை மாதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. அதற்கு முந்தின நாள்தான் என் மகள் ஃபிளோரா அயர்லாந்திலிருந்து போன் செய்திருந்தாள்.

எல்லாவற்றையும் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன், ஐயா. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் 'மேற்படி' என்ற சொல்லை வர வேண்டிய இடங்களில் விட்டுவிடுகிறார். கடைசியில் நானே ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன். பாபநாசம் வட்டத்தில் இருபத்தாறு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். எழுத்தில் பிசகு வந்தால் எனக்குத் தாங்காது.

ஃபிளோரா அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் காலத்தில் நர்ஸிங் படித்த பெண்கள் ஊருக்கு நாலு பேர் இப்படிக் கப்பலேறாமல் விமானமேறிப் போனார்கள். அவளுக்கு வைகாசியில் இரண்டாவது பிரசவம். "அம்மா ஆறு மாசம் இங்க வந்து இருக்கட்டும்பா" என்றாள். "உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லல்ல? ஐயாவு மெஸ்ல மூணு வேளையும் சொல்லி வச்சிடுங்க."

"எனக்கென்னம்மா சிரமம். தாராளமா வரட்டும்" என்றேன். அதை நான் மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

என் மனைவி சவரியம்மாள் அன்றைக்கே பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. காலை ஒன்று, இரவு ஒன்று என்று இன்சுலின் ஊசியைத் தானே வயிற்றில் போட்டுக்கொள்வாள். மருந்து பிரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் இருக்கும். போகிற நாட்டுக்கு டாக்டர் கடிதம் வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் டாக்டர் கடிதம் தருவார், சோதனைக்கு மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். இது எல்லாம் ஃபிளோரா சொன்ன விவரம். நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொல்லிமலை முகாமின் நோட்டீஸ் எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. 'யோகமும் மூலிகையும், ஆறு நாள், திங்கள் முதல் சனி வரை.' படத்தில் இருந்த ஆசானின் தாடி, அருவியோடு போட்டி போட்டுக்கொண்டு இறங்கியது. இராஜாங்கம் ஆசான் சித்தர் பரம்பரையில் பதினாறாவது தலைமுறை என்று அச்சிட்டிருந்தது. பதினைந்தாவது தலைமுறை திருத்துறைப்பூண்டியில் தட்டச்சுப் பயிலகம் வைத்திருந்ததும், ஆசானே அதில் ஹையர் பாஸ் செய்து சொல்லிக்கொடுத்ததும், கம்ப்யூட்டர் வந்து மெஷின்கள் துருப்பிடித்த பிறகுதான் மலையேறினார் என்பதும் எனக்குத் தெரியும். நல்ல மனிதர். அவர்மேல் வழக்கு எதுவும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சவரியிடம் சொன்னபோது அவள் தயங்கினாள். "இப்ப எதுக்குங்க மலையெல்லாம்? டெஸ்ட் முடியட்டுமே."

"டெஸ்டுக்காகத்தான் சொல்றேன். மூலிகையில சர்க்கரை சட்டுனு இறங்கிடும். டாக்டர் மறுபேச்சு பேசாம லெட்டர் குடுப்பாரு."

"நெசமாவா?" அவள் முகம் மலர்ந்தது. "அப்படின்னா ஃபிளோரா வீட்டுல ஊசி பாட்டில வச்சிக்கிட்டுத் திண்டாட வேணாம்ல?"

தவக்காலம் ஆதலால் பங்குத்தந்தையும் நல்லது, போய்வாருங்கள் என்றார்.

முகாமின் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ஏழாவது கேள்வி: 'ஊசி மருந்து எடுத்துக்கொள்பவரா?' ஆம் என்றால் சேர்க்க மாட்டார்கள், கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்து என்னுடையதுதான், அந்த 'ல்லை'யின் சுழியைப் பார்த்தாலே வட்டாட்சியர் அலுவலகத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள்.

முகாமின் முதல் சட்டம், வாசலிலேயே ஆங்கில மருந்தையும் செல்போனையும் துணிப்பையில் போட்டு, பெயர் எழுதி, கட்டி ஒப்படைத்துவிட வேண்டும். யார் பையையும் திறந்து பார்ப்பதில்லை. ஊரிலிருந்து கிளம்பும்போது சவரி மருந்தை ஐஸ் கட்டியோடு பிளாஸ்கில் வைத்திருந்தாள். "ஆபீஸ்ல பிரிட்ஜ் இருக்கு, ஆசானே நேரத்துக்குக் குடுப்பாரு" என்று அவளுக்குத் தைரியம் சொல்லியிருந்தேன். அவள் பின்கதவைப் பூட்டப் போன நேரத்தில் பிளாஸ்கைத் திறந்து மருந்துப் பாட்டில்களை எடுத்து, மறுபடி முட்டைத் தட்டிலேயே வைத்தேன். மருந்து வீணாகக்கூடாது என்பதுதான் என் எண்ணம். மலையில் கரண்ட் நிலையாக இருக்காது.

என் சட்டைப்பையில் உங்கள் ஆட்கள் எடுத்த பிரஷர் மாத்திரை வேறு விஷயம். அது தினம் தவறக்கூடாது.

முதல் நாள் காலை பனியில் எல்லோரையும் நிறுத்திச் சூரிய நமஸ்காரம் செய்யச் சொன்னார்கள். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் நாலு பேர், சிங்கப்பூரில் ரிட்டயரான ஒருவர், நாங்கள். சவரி ஒவ்வொரு முறை குனியும்போதும் முணுமுணுவென்று 'அருள் நிறைந்த மரியே' சொன்னாள். மந்திர உச்சரிப்பு நன்றாக இருப்பதாக ஆசான் பாராட்டினார். பிறகு வேப்பிலைச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம், பகலில் பழச்சாறு.

தம்பதியாக வந்தவர்கள் ஒருவருக்கொருவர் தினமும் நலக்குறிப்பு எழுத வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். பசி, தூக்கம், உடல்நிலை என்று மூன்று கட்டங்கள், ஆறு நாளுக்கு. நான் முதல் நாளே உட்கார்ந்து ஆறு நாளுக்கும் 'நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அடங்கல் எழுதிப் பழகிய கை. எந்த வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று மாதாமாதம் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டிய பதிவேடு அது. நான் ஜூன் மாதத்திலேயே வீட்டில் உட்கார்ந்து பொங்கல் வரைக்கும் எழுதிவிடுவேன். காவிரியில் தண்ணீர் வராத வருடம்கூட என் அடங்கலில் குறுவை பச்சைப்பசேல் என்று நின்றது. வருடாந்தரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் ஒரு கேள்வி வந்ததில்லை.

திங்கள் இரவு சவரி ஊசி கேட்டாள். ஆசான் பார்த்துக்கொள்வார் என்றேன். செவ்வாய்க்கிழமை தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வந்தது, வாயிலிருந்து அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை. ஆசான் வந்து முகர்ந்து பார்த்து, "கழிவு வெளியேறுது. நல்ல அறிகுறி" என்றார். விண்ணப்பத்தில் இல்லை என்று எழுதியிருந்தால் அவர் வேறு என்ன சொல்வார்?

மத்தியானம் சமையலறையில் வேலை செய்யும் செவ்வந்தி வந்தாள், மலைக்காரப் பெண். "ஐயா, இது கழிவு இல்லீங்க. எங்க மாமியாருக்கு இப்படித்தான் வந்துச்சு. ஜீப்பு சும்மாதான் நிக்குது, கீழ எறக்கிடலாம்" என்றாள்.

"நாளைக்குப் பார்ப்போம்மா."

"நாளைக்கு என்னத்த பாப்பீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் அங்கேயே நின்றாள். மரியாதை தெரியாத பெண்.

சவரி என் கையைப் பிடித்து, "அந்த பிளாஸ்க வாங்கியாங்களேன்" என்றாள். ஆபீசில் போய்க் கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்கள். அவள் கண்ணெதிரிலேயே திறந்தேன். ஐஸ் உருகின தண்ணீர் மட்டும் இருந்தது. அவள் அதையே பார்த்தாள். பிறகு, "பிரிட்ஜ்லயே வச்சிட்டு வந்துட்டனா? பாருங்க, அயர்லாந்து நெனப்புல புத்தியே வேலை செய்யல. உங்களையும் சிரமப்படுத்துறேன்" என்றாள்.

நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அவளோடு வாக்குவாதம் செய்வது உடம்புக்கு நல்லதில்லை.

அப்போதாவது ஜீப்பில் ஏற்றியிருக்கலாமே என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். ஏற்றியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கியிருப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை டெஸ்டுக்குள் அவள் சரியாகியும் இருப்பாள். தவிர, தாளில் சனிக்கிழமை வரை நலம் என்று எழுதியாகிவிட்டது. அடித்துத் திருத்தினால் ஒவ்வொரு கட்டத்திலும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும், பார்க்க அசிங்கமாக இருக்கும்.

அவள் சாக வேண்டும் என்று நான் ஒரு நொடிகூட நினைத்ததில்லை. சர்க்கரை கொஞ்சம் ஏற வேண்டும், டாக்டர் கடிதம் தர மறுக்க வேண்டும், அவள் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு எப்போதும்போல வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். எவ்வளவு ஏறினால் போதும் என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் கண் திறக்கவில்லை. செவ்வந்தி யாரையும் கேட்காமல் டிரைவரைக் கூப்பிட்டு ஜீப்பில் கிடத்தித் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட இறங்கவில்லை, பின்னாலிருந்து "மெதுவாவே போங்கண்ணே. இனிமே அவசரம் இல்ல" என்று அவள் டிரைவரிடம் சொன்னது கேட்டது.

உடம்பு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஃபிளோரா போன் செய்தாள். நர்ஸ் அல்லவா, அழவில்லை. "அப்பா, அம்மாவுக்கு ஊசி போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு உங்களுக்குப் புகார் கொடுத்தது அவள்தான் என்று தெரியும். வெள்ளிக்கும் சனிக்கும் நலம் என்று கையெழுத்துப் போட்டிருந்த தாள் உங்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

ஆகவே, பெரியநாயகசாமி ஆகிய நான், என் மனைவி மேற்படி சவரியம்மாளுக்கு உயிர் மருந்தைத் தெரிந்தே கிடைக்காமல் செய்தேன். யார் தூண்டுதலும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

காரணம் என்று ஒரு வரி காலியாக இருக்கிறதே என்கிறீர்கள். ஆறு மாதம் அவள் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும், மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்கிறீர்கள். நான் பாசம் என்று எழுதச் சொன்னேன்; ரைட்டர் எழுதவில்லை.

நேற்று மருந்துப் பாட்டில்களைக் கைப்பற்ற என்னை என் வீட்டுக்கே அழைத்துப்போனீர்கள். முட்டைத் தட்டில் வைத்தபடியே இருந்தன. உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது, கொஞ்சம் வெந்நீர் வைக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டீர்கள். நான் சமையலறைக்குள் போனேன், நெடுநேரம் வரவில்லை என்று ஏட்டம்மா வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

திருமணமாகி முப்பத்து மூன்று வருடம் ஆகிறது. எனக்குக் கேஸ் அடுப்பு பற்றவைக்கத் தெரியாது.