காலி இடத்துக்கு வரும் பறவை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடித்துவிட்டேன். மாப்பிள்ளைக்கும் இப்படித்தான் இருக்க வேண்டும்; என் தங்கை திட்டிக்கொண்டே ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொடுப்பாள். கொடுத்தாள் என்று சொல்ல வேண்டும். இன்னும் பழகவில்லை.

பறவைகள் எப்படி ஜோடி சேர்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. பெண் பறவை எதைப் பார்த்து ஆணைத் தேர்ந்தெடுக்கிறது, பாட்டையா, கொண்டு வந்து ஊட்டுகிற தீனியையா, கூட்டையா என்று பார்ப்பது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். "ஊருக்கெல்லாம் சம்பந்தம் பேசுறீங்க, உங்களுக்கு ஒண்ணு அமையலியே மேடம்" என்று எங்கள் ஆராய்ச்சி நிலையத்து ஓட்டுநர்கூடக் கேட்டிருக்கிறார். நானும் சிரித்துவிடுவேன்.

நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தோப்பில் மரப்பெட்டிகள் கட்டி வைத்திருக்கிறோம். சிட்டுகள் அவற்றில் குடியேறும். எங்கள் வேலையில் 'நீக்கம்' என்று ஒன்று உண்டு. ஜோடியில் ஆணை மட்டும் வலையில் பிடித்துக் கூண்டில் வைத்துவிட்டு, காலியான இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று பார்ப்போம். பெரும்பாலும் சீக்கிரமே இன்னொன்று வந்துவிடும். எங்கிருந்தோ வருவதில்லை. அங்கேயேதான் வேலியோரம் பாடாமல், சண்டை போடாமல், நம் கண்ணில் படாமல் இருந்திருக்கும். பெண்ணும் ஏற்றுக்கொள்ளும். சோதனை முடிந்ததும் பிடித்ததை விட்டுவிடுவோம். நாங்கள் கொல்கிறவர்கள் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு பெண் சிட்டு மட்டும் புதிதாக வந்ததை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பெட்டி வாசலில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னபோது என் தங்கை சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டாள். "பாவம்க்கா அது. அவனை விட்டுடேன்" என்றாள். ஒரு பறவையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று விளக்கினேன். அதை ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு தங்கையை வளர்த்தது நான். பேன் பார்த்துத் தலை பின்னியது, காய்ச்சலில் கிடந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் நான். பெருமைக்குச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை மரவேலை செய்கிறவர். பெட்டிகள் செய்து கொடுக்கத்தான் நிலையத்துக்கு வந்தார். எனக்கு மதியச் சாப்பாடு கொண்டு வந்தவளைப் பார்த்தார், அவ்வளவுதான். என் படிப்பின்படி அவள் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கவே கூடாது. பாட்டு சுத்தமாக வராது. ஒரு நாள் பாடினார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். மற்றபடி அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டிகளுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டால், "வீட்டு வேலைக்கு யாராவது கூலி வாங்குவாங்களாக்கா?" என்பார்.

அவருக்கு ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விமானம் ஏறிப் போக வேண்டிய தூரம். தங்கை துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். "நீயும் எங்களோட வந்துடுக்கா" என்றாள்.

"என் பறவைகளை என்னடி பண்றது?"

"பறவை எல்லா ஊர்லயும்தான் இருக்கு."

முழு மனதோடுதான் கூப்பிட்டாள். ஆனால் அங்கே போனால் நான் விருந்தாளி. அதோடு, தெரியாத ஊரில் அவள் கஷ்டப்படுவாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்காகத்தான் யோசித்தேன்.

பெட்டிகளில் சில சமயம் குளவி கூடு கட்டிவிடும். மாப்பிள்ளைக்குக் குளவி கொட்டினால் ஆகாது. தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதற்கான ஊசி மருந்து எப்போதும் அவருடைய கருவிப் பையில் இருக்கும். அவர் கிளம்பும்போதெல்லாம் தங்கை பைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அனுப்புவாள்.

ஓடைக்கரைப் பெட்டியில் குளவிகள் போய் வருவதை நான் முன்பே பார்த்திருந்தேன். ஊருக்குப் போவதற்குள் அந்த மூடியை மட்டும் சரிபார்த்துத் தர முடியுமா என்று கேட்டேன். "அக்கா கேட்டு இல்லைன்னு சொல்வேனா?" என்று வந்தார். என் அறையில் டீ கொடுத்தேன். அவர் கை கழுவப் போனபோது பையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டேன்.

அவர் ஏறினார். நான் ஏணியை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். கீழே விழுந்து அடிபட்டுவிடக் கூடாதே என்று இருந்தது.

குளவி கொட்டிய பிறகும் தானாகத்தான் இறங்கி வந்தார். பையைத் தரையில் கொட்டித் தேடினார். உளி, ஆணி, அளவு நாடா எல்லாம் இருந்தன. "அவ வச்சாளே, அவ வச்சாளே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பேச முடியவில்லை. கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அவரைத் தனியாக விடவில்லை. அதன் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நான்தான்க்கா வைக்க மறந்துட்டேன். தொட்டுப் பாத்தேன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்" என்று என் மடியில் விழுந்து அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். "விடுடி, மறக்கிறது மனுஷங்களுக்கு சகஜம்தானே" என்றேன்.

காரியங்கள் முடிந்ததும் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். ராத்திரி பயப்படுவாள் என்று கட்டிலில் அவர் படுத்த பக்கத்தில் நான் படுத்துக்கொண்டேன். வேறு கோப்பை கைக்கு வராததால் அவருடைய கோப்பையில் டீ குடித்தேன். காலம் போனால் அவளுக்கு நல்லவன் ஒருவன் அமைவான் என்று உண்மையாகவே நம்பினேன். அவளோ அவர் வேலை முடிந்து வருகிற நேரம் ஆனால் போய்க் கதவுத் தாழை நீக்கி வைப்பாள். நான் போடுவேன். அவள் மறுபடியும் நீக்குவாள். தோப்பில் உட்கார்ந்து கூப்பிட்ட அந்தச் சிட்டு அப்போது ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. ஆனாலும் பொறுத்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

ஊசியை ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்டீர்கள். கெடாத மருந்து, யாருக்காவது உதவும் என்று பைனாகுலர் உறையில் வைத்திருந்தேன். என் சாமான்களை அடுக்கும்போது தங்கை பார்த்துவிட்டாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ நான் மறக்கலையாக்கா?" என்று கேட்டாள்.

"மறக்கலடி" என்றேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்கு ஒரு ஆறுதல் சொன்னேன்.

உங்களைக் கூப்பிட்டது அவள்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்நேரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டிருக்க மாட்டாள். யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.