திரும்பாத வரைக்கும்

ஜிப்பு இல்லம்மா, கிளிப்பு. எல்லாரும் ஜிப்பு பிஞ்சிருச்சு, ஜிப்பு பிஞ்சிருச்சுன்னே எழுதித் தள்ளிட்டானுங்க. நான் வெச்ச ஜிப்பு எங்கயாவது பிஞ்சிருக்கா? நடந்தது என்னன்னா, சினிமா அவார்டு விழாவுல அந்தத் தொகுப்பாளன் இருக்கான் பாரு, மைக்கைப் பிடிச்சா வாயே மூடாதவன், அவன் மேடம் ஒரு சுத்து சுத்துங்க மேடம், டிரெஸ்ஸை முழுசாப் பாக்கணும்னு கேட்டான். மேடமும் சிரிச்சிட்டே சுத்திட்டாங்க. முதுகு பூரா நான் போட்ட கிளிப்பு. பின்னாடி வீடு உசரத்துக்குத் திரை, அதுல அவ்வளவும் தெரியுது. நான் மேடை ஓரத்துல நின்னு கையைக் கையை ஆட்டுறேன், சுத்தாதீங்க சுத்தாதீங்கன்னு. யாரு பாக்குறா!

உள்ள வா, வாசல்லயே நிக்காத. டிரெஸ் கவரைக் கட்டில் மேல போடு, மடிக்காம. ஐயோ, அந்த ஆணியில மாட்டாத, இழுத்துடும். ஆமா, இப்ப கடை, வீடு, எல்லாம் இந்த ஒரு ரூம் தான். தண்ணி குடிக்கிறியா?

ஒண்ணு கேக்கவா? மேடம் அனுப்பினாங்களா உன்னை?

சரி சரி, முதல்ல மூச்சு வாங்கு. அப்புறம் சொல்லு.

இப்ப அவங்களுக்கு நீ தான் ஸ்டைலிஸ்ட், உனக்குத் தெரியாததா. கம்பெனிக்காரன் ஒரு நாள் இரவலாக் கொடுக்குற டிரெஸ் எல்லாம் ஒட்டகச்சிவிங்கி மாதிரி பொண்ணுங்களுக்குத் தெச்சது. வெட்டக் கூடாது, பிடிச்சுத் தைக்கக் கூடாது, மறுநாள் வேர்வை வாடை கூட இல்லாம திருப்பித் தரணும். செருப்பு அடியில கூட டேப் ஒட்டித் தானே நடக்க விடுறோம்? அதான் பின்னாடி இழுத்துப் பிடிச்சு வரிசையா கிளிப்பு. முன்னாடி பாத்தா மகாராணி, பின்னாடி பாத்தா கொடியில காயுற துணி. மேடத்துக்கு நான் போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு தான், திரும்பாதீங்க. முடியை விரிச்சு விட்டு முதுகை மறைச்சிடுவேன். அன்னிக்குன்னு பாத்து கொண்டை போட்டுக்க ஆசைப்பட்டாங்க. சரி, அப்ப மேல ஷாலுன்னு பேசி வெச்சிருந்தோம். பேரைச் சொன்ன சந்தோஷத்துல ஷாலை நாற்காலியிலயே போட்டுட்டு ஓடிட்டாங்க.

அந்தக் கிளிப்புல ஒண்ணு ரோஸ் கலரு. சிரிக்காத! கடைசி நேரத்துல ஒரு ஸ்டீல் கிளிப்பு உடைஞ்சு போச்சு. ஓட்டல் பாத்ரூம் கொடியில கிடந்த பிளாஸ்டிக் கிளிப்பை எடுத்து மாட்டிட்டேன். கேமராக்காரன் அதை மட்டும் கிட்டக்க கிட்டக்க காட்டுறான். என்ன மேடம், காயப்போட்டதை அப்படியே உருவிப் போட்டுட்டு வந்துட்டீங்களாங்கிறான் அந்தப் பாவி. ஹாலே சிரிக்குது.

அது கூடப் பரவாயில்ல. யாரு மேடம் உங்க ஸ்டைலிஸ்ட்னு கேட்டான். மேடம் நான் நின்ன பக்கம் திரும்பினாங்க. நேரா என் கண்ணைப் பாத்தாங்க. பாத்துட்டு மைக்குல சொன்னாங்க, யாரோ ஒரு பொண்ணுங்க, நாளையில இருந்து இருக்க மாட்டா. கைதட்டல்னா அப்படி ஒரு கைதட்டல். அவார்டுக்குக் கூட அவ்வளவு தட்டல.

யாரோ ஒரு பொண்ணு. உனக்கு இப்படி ஆயிருக்கா? நீ பாத்துப் பாத்து அழகு பண்ணின ஆளே உன்னைத் தெரியாத மாதிரி... இல்லையா. ஆகவும் வேணாம்.

சண்டையா? நான் எங்க போட்டேன். மறுநாள் மேனேஜர் தான் ஃபோன் பண்ணாரு, ஆஃபீஸ் சாவியைக் கொடுத்து அனுப்பிடுங்கன்னு. கோவம் ஆறினதும் மேடமே கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். இன்னும் தான் இருக்கேன். கீழ காரு நின்ன சத்தம் கேட்டதும் அவங்களே வந்துட்டாங்கன்னு தலையெல்லாம் வாரிட்டு வந்து கதவைத் திறக்கிறேன், நீ நிக்கிற.

எத்தனை வருஷமாவா? முதல் ஆடிஷன்ல இருந்தே. அப்ப அவங்க மேடமும் இல்ல, நான் ஸ்டைலிஸ்டும் இல்ல. ஒரே ரூம், ஒரே பீரோ. போட்டுட்டுப் போறாப்ல இருந்தது என் நீலச் சட்டை ஒண்ணு தான். அவங்களுக்கு அது தொளதொளன்னு தொங்குது. பின்னாடி மடிச்சு ஊக்கு குத்தி, உள்ள போனா திரும்பாத, மூஞ்சியைப் பாத்தே பேசு, வரும்போதும் பின்னாடியே நடந்து வந்துடுன்னு சொல்லி அனுப்பினேன். லூசு, நிஜமாவே பின்னாடியே நடந்து வந்து கதவுல மடேர்னு இடிச்சுக்கிச்சு! இடிச்சுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சிருக்கு, அதுலயே டைரக்டருக்குப் பிடிச்சுப் போச்சாம். அப்புறம் பேரு வந்துச்சு, ஆஃபீஸ் வந்துச்சு, மேனேஜர் வந்தாரு. நீங்களும் இனிமே மேடம்னு தான் கூப்பிடணும்னுட்டாரு. கூப்பிட்டேன். வாய் தானே, தேஞ்சா போயிடும்?

சரி, எடு டிரெஸ்ஸை. இன்னிக்குச் சாயங்காலமே மேடம் போட்டுக்கணுமா? என்ன பண்ணுது? இடது தோள் நழுவுதா? டேப் ஒட்டியும் நிக்கலையா? எப்படி நிக்கும்! நீ எடுத்த அளவு தப்பே இல்லம்மா. அளவெடுக்கிற டேப்புக்கு அகலம் தான் தெரியும், சரிவு தெரியாது. மேடத்துக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். அந்தப் பக்கம் மட்டும் உள்ளுக்குள்ள சின்னதா பஞ்சு வைக்கணும். ஊசி கோத்துக் கொடு. ம்... ரெண்டே ரெண்டு ஓட்டுத் தையல். நாளைக்குப் பிரிச்சா தடம் கூட இருக்காது.

துணி மாட்டிப் பாக்குற பொம்மை எதுக்கு? பொம்மைக்கு ரெண்டு தோளும் சமமால்ல இருக்கும். நானே போட்டுக் காட்டுறேன், பின்னாடி பிடி. எனக்கு ஏறாது, ஜிப்பை விடு, தோளை மட்டும் பாரு. நிக்குதா? குதிச்சுக் காட்டவா? அசையல பாத்தியா! கையை வெச்சுப் பாரு, எனக்கும் அதே இறக்கம் தான். எங்கம்மாவுக்கும் இப்படித்தான், எந்தச் சட்டை போட்டாலும் இடது பக்கம் நழுவும். பெத்தது ரெண்டு, ரெண்டுக்கும் அதையே கொடுத்துட்டுப் போய்ச் சேந்துட்டா.

என்ன முழிக்கிற? யாரும் சொல்லலையா உன்கிட்ட? என் தங்கச்சி தான்ம்மா. கூடப் பொறந்தவ. அக்கான்னு தெரிஞ்சா வீட்டு ஆளு தானேன்னு எவனும் நல்ல துணி தர மாட்டான்னாரு மேனேஜர். அதனால வெளிய மேடம். போகப் போக வீட்டுலயும் அதுவே பழகிருச்சு. அவ கடைசியா அக்கான்னு எப்பக் கூப்பிட்டான்னு எனக்கே ஞாபகம் இல்ல.

இப்பவாவது சொல்லு. அவ தானே அனுப்பினா?

ஓ. நீயா தான் வந்தியா. அட்ரஸ்? டிரைவர் கொடுத்தாரா. நல்ல மனுஷன்.

சரி, மெதுவாக் கழட்டு, உனக்கு நேரமாகுது. ஷாலை மறந்துடாத. மேடை ஏறும்போது காதுல ஒரு தடவை சொல்லிடு, திரும்பாதன்னு. போட்டதும் அவ தோள்ல கை வெச்சுப் பாப்பா. பஞ்சு தட்டுப்படும். இதை யாரு வெச்சதுன்னு கேப்பா.

யாரோ ஒரு பொண்ணுன்னு சொல்லு.