எண்பத்தேழாம் பக்கத்தின் இரண்டாவது வரி

சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. எழுந்து போய் அதை நேராக்கிவிட்டு வந்தால்தான் அடுத்த கவளம்.

வீட்டில் இதை வைத்து என்னைக் கேலி செய்வது அண்ணி ஒருவர்தான். எங்கள் இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. அவர் குழந்தைகள் வார்டில் நர்ஸ், இருபத்திரண்டு வருட சர்வீஸ். நான் மாடியில், ஆவணப் பிரிவில். அந்த வேலையும் அவர் நாலு பேரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்ததுதான். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "என்ன கொழுந்தனாரே, இன்னைக்கு எத்தனை கட்டம் கட்டுனீங்க?" என்பார். அவரைப் பொறுத்தவரை என் வேலை கட்டம் கட்டுவது. அதில் தப்பொன்றும் இல்லை.

ஐயா, நீங்கள் கேட்ட மருந்துக் கையேட்டுக்கு வருகிறேன். எந்த மருந்து, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்று ஒவ்வொரு வார்டும் தன் பங்குக்கு எழுதி அனுப்பியது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு அட்டவணை. ஒருவர் தடித்த கோடு போட்டிருந்தார், ஒருவர் பச்சை அடித்திருந்தார், கண் வார்டில் கோடே போடவில்லை. கண்காணிப்பாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, ஆளுக்கொரு சட்டை மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு? எல்லாம் ஒண்ணா வரிசையில நிக்க வேணாமா?" என்றார். ஆய்வுக் குழு வர நான்கு நாள் இருந்தது.

கையால் செய்தால் ஒரு மாதம் ஆகும். அதனால் மேக்ரோ எழுதினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு அட்டவணைக்குச் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிவைத்தால், கம்ப்யூட்டர் அதையே எல்லா அட்டவணைக்கும் தானாகச் செய்துவிடும். எழுத்து ஒரே அளவு, தலைப்புக்குச் சாம்பல் நிறம், எல்லா வரிசைக்கும் ஒரே உயரம். இந்த உயரத்தில் இரண்டு வகை உண்டு. 'குறைந்தது இவ்வளவு' என்று கொடுத்தால், எழுத்து கூடும்போது வரிசையும் வளரும். 'சரியாக இவ்வளவு' என்று கொடுத்தால் வளராது. மிஞ்சியது கோட்டுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். அழியாது. கோப்பில் பத்திரமாக இருக்கும், கண்ணுக்கும் அச்சுக்கும் வராது, அவ்வளவுதான்.

நான் இரண்டாவதைக் கொடுத்தேன். நாற்பது விநாடியில் முடிந்தது. அவ்வளவு அழகை நான் அதுவரை பார்த்ததில்லை.

அச்சுக்குப் போக வேண்டிய காலையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எண்பத்தேழாம் பக்கம், குழந்தைகள் வார்டு, புதிதாக வந்த ஒரு ஊசி மருந்து. 'ஐந்து மில்லி' என்று நின்றது. வார்டு அனுப்பிய தாளில் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது: 'பத்து மடங்கு நீர்க்கச் செய்த பிறகே.'

அந்த ஒரு வரிசையைத் தளர்த்தினால் அட்டவணை அடுத்த பக்கத்துக்கு வழியும். பின்னால் உள்ள பக்க எண்கள் எல்லாம் நகரும், பொருளடக்கம் மாறும். கண்காணிப்பாளர் அதற்குள் இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டார். நான் என்ன செய்ய முடியும்? கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. நர்ஸுகளுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டேன். மேலட்டையில் ஆஸ்பத்திரி முத்திரை ஒரு நூல் இடப்பக்கம் தள்ளி இருந்தது. அதை நடுவுக்குக் கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு அனுப்பினேன்.

பதினோரு நாள் கழித்து, அண்ணி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வார்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை. அவர் அந்தப் புது ஊசி போட்ட கால் மணி நேரத்தில் போய்விட்டது.

"புது மருந்தாச்சேன்னு டாக்டர்கிட்டயும் கேட்டேன். புத்தகத்துல உள்ளபடி போடுங்கன்னார். அஞ்சு மில்லின்னுதான் இருந்துச்சுப்பா. வேற ஒண்ணுமே இல்ல."

"இருக்காதே அண்ணி. நல்லாப் பாத்தீங்களா?" என்றேன்.

அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கும் மிகவும் வருத்தமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, பக்கம் நகராமல் இரண்டு வரியையும் அந்தக் கட்டத்துக்குள் உட்கார வைத்தேன். ஏழு நிமிடம் ஆனது. கையேட்டை வளையம் போட்ட ஃபைலில்தான் கோத்திருந்தோம். ஒரு தாளை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகலாம். வார்டுப் பிரதியை அதுவரை யாரும் பூட்டி வைக்கவில்லை. பத்தொன்பது பிரதியிலும் மாற்றினேன். விசாரணைக் குழு திறந்து பார்த்தபோது எண்பத்தேழாம் பக்கத்தில் இரண்டு வரியும் இருந்தன.

அண்ணி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அந்த வாரமே கண் டாக்டரிடம் போனார். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொன்னதை நம்பாமல் இன்னொருவரிடம் போனார். இப்போது மின் கட்டண ரசீது, பஸ் போர்டு, எதைப் படித்தாலும் என்னைக் கூப்பிட்டு, "இதுல வேற ஏதாவது வரி இருக்கா, கொஞ்சம் பாருப்பா" என்கிறார். நானும் பார்த்துச் சொல்கிறேன்.

உங்களிடம் அவர் என்ன சொன்னார் என்று நீங்களே சொன்னீர்கள். "எங்க கொழுந்தன் செஞ்ச புத்தகம் சார் அது. அதுல தப்பு வராது. தப்பு எம்மேலதான்." அதைக் கேட்ட பிறகு எனக்குத் தாங்கவில்லை. நாளைக்கு அவரைக் கைது செய்யப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: அண்ணி சரியாகத்தான் படித்தார். குழந்தை செத்தது என்னால்.

"உங்களுக்குத்தான் டைப் வருமே, நீங்களே அடிச்சு அச்செடுத்துக் குடுத்துடுங்க" என்று வாக்குமூலப் படிவத்தைக் கோப்பாகக் கொடுத்தீர்கள். அதுவும் ஒரு அட்டவணைதான். பெயர், வயது, முகவரி எல்லாம் ஒவ்வொரு வரியில் அடக்கமாக நிற்கின்றன. 'சொல்ல விரும்புவது' என்ற இந்தக் கடைசிக் கட்டம் மட்டும் மூன்று பக்கத்துக்கு நீண்டு கிடக்கிறது. இப்படியே உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மேக்ரோவை ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டுத்தான் அச்செடுப்பேன். தாளில் காலண்டரைப் பற்றிய முதல் வரி மட்டும் தெரியும். அதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லலாம், நாளைக்கு அண்ணியை அழைத்துப் போகலாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் எதையும் மறைக்கவில்லை ஐயா. ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. எல்லாம் கோப்பில் இருக்கிறது.