ஐந்து நட்சத்திரக்காரி

காபி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், மாரிசாமி சார். சர்க்கரை கம்மியாகத்தான் போட்டிருக்கிறேன். ஜெபினாவுடைய வக்கீலாக வந்திருக்கிறீர்கள். அவள் மொழிபெயர்த்த ஃபைலை வேறு யாராவது தொட்டார்களா என்று கேட்டீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம். சொன்னால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள், அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்தியவள். கல்யாணம் முடிந்து அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கத்து இந்தக் கேட்டி ஊருக்கு வந்த பிறகு, விசா காரணமாக ஒன்பது வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிரீன் கார்டு வந்த மறுவாரமே ஆன்லைன் தளம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் என்று அக்கவுண்ட் திறந்தேன். அது எப்பேர்ப்பட்ட சந்தை என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஒரு வேலை விழுந்தால் அறுபது பேர் முண்டியடிப்பார்கள். அப்ளை பண்ணவே காசு கட்ட வேண்டும். நான் பதினான்கு மாதத்தில் இருநூற்று ஆறு வேலைகளுக்கு அப்ளை பண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கக் கடிதம், ஒரு பிழை இருக்காது. முக்கால்வாசிப் பேர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று தளமே காட்டிக்கொடுக்கும். என் பையன் ஜோபின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "நோபடி ரீட்ஸ் டூ பேஜஸ், மா" என்று சொல்லிவிட்டுப் போவான்.

கிடைத்தது ஏழே ஏழு வேலை. அதிலும் ஒரு சோப்புக் கம்பெனிக்காரன் நாலு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனான். ஒன்று ஏன் குறைந்தது என்று மரியாதையாகத்தான் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. எனக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, சார்.

ஜெபினா எங்கள் சபைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். ஊரில் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தவள். கைக்குழந்தையோடு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று பாவப்பட்டு, நான்தான் அவளுக்கு அக்கவுண்ட் திறந்து கொடுத்தேன். என் மேஜையில், என் கம்ப்யூட்டரில். அவள் என்ன செய்தாள் தெரியுமா? "மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரித் தாள் மட்டும். உங்க அம்மா அப்பாவுக்குப் புரியிற தமிழ்ல" என்று ஒரே வரி போட்டாள். சிரித்துக்கொண்டு ஒரு வீடியோ. அப்ளை பண்ணினால் மூன்று வரி, கூடவே பாதிப் பக்கம் இலவசமாக மொழிபெயர்த்து இணைத்துவிடுவாள். ஆறே மாதத்தில் பதினெட்டு வேலை, பதினெட்டுக்கும் ஐந்து நட்சத்திரம். தமிழ் என்று பார்த்தால் சுமார் ரகம்தான். சந்திப்பிழைகள் சல்லடை ஓட்டை மாதிரி இருக்கும்.

ஹூஸ்டனில் ஒரு கிளினிக் வேலை வந்தது. வீட்டுக்குப் போகும் நோயாளிக்குக் கொடுக்கிற தாள்களைத் தமிழில் தர வேண்டும், மாதா மாதம் வரும். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கிற பெரியவர்களுக்காக. நான் நாலு நாள் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். அவளுக்குப் போனது. அந்தச் சனிக்கிழமை வீட்டு ஜெபத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். எத்தனையோ பேர் கேட்ட வேலையை ஆண்டவர் எனக்குத் தந்தார் என்று அழுதாள். அந்த எத்தனையோ பேரில் ஒருத்தி எதிரே பாயில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அனுப்புவதற்கு முன்னால் ஃபைலை எனக்குத் தருவாள். "அக்கா, ஒருக்கா பாத்துக் குடுங்க. நீங்க பாத்தா நான் திரும்பப் பாக்கவே மாட்டேன், அப்படியே சென்ட் பண்ணிருவேன்" என்பாள். நான் காசு வாங்கியதில்லை. சபைப் பிள்ளை, என்னத்தை வாங்குவது?

செப்டம்பரில் பதினோரு தாள் வந்தது. அத்தனை சந்திப்பிழையையும் திருத்தினேன். மூட்டுவாத மாத்திரைக்கான தாளில் வாரத்துக்கு ஒரு மாத்திரை என்று அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள். நான் தினம் ஒரு மாத்திரை என்று மாற்றினேன். அவசரத்தில் செய்யவில்லை. கிளினிக் விளம்பரத்தில், இரண்டாவதாக ஒருவர் சரிபார்ப்பார் என்று போட்டிருந்தது. அவர் கண்டுபிடிப்பார், ஒரு நட்சத்திரம் போடுவார்கள், அதோடு முடிந்தது என்று கணக்குப் போட்டேன். ஐந்து நட்சத்திரக்காரியின் வேலையைச் சரிபார்க்க வேண்டாம் என்று அவர்கள் விட்டுவிடுவார்கள் என்று நான் கண்டேனா? அது அவர்கள் பொறுப்பு.

நவம்பரில் வீட்டு ஜெபம் எங்கள் சபைப் பையன் பெனிஷ் வீட்டில் நடந்தது. அவன் அப்பா ஞானசீலன் அங்கிள் தூத்துக்குடியில் லாரி ஷெட் வைத்திருந்தவர், ஆறு மாத விசாவில் வந்திருந்தார். ஆங்கிலம் ஓர் எழுத்து தெரியாது. என் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் பக்கம் கூட்டிப்போனார். கதவுக் காந்தத்தில் அந்த மூட்டுவாத மாத்திரைத் தாள் தொங்கியது.

"பாரும்மா, டப்பாவுல இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கான். இது நம்ம தமிழ்ல, எவ்வளவு சுத்தமா இருக்கு. பேப்பர் சொல்றபடிதான் நான் நடக்குறேன்."

சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு சந்திப்பிழை இல்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. நன்றாக இருக்கிறது அங்கிள் என்றேன்.

பெனிஷும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் அவர் தனி. அதனால் செவ்வாய்க்கிழமை மீன் குழம்பு கொண்டுபோனேன். சாப்பிட்டுவிட்டு என் எதிரேயே மாத்திரை போட்டார். வியாழக்கிழமை போனபோது வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மிளகாய் வேண்டாம் என்று மோர்சாதம் குழையப் பிசைந்து கொடுத்தேன். மாத்திரையை எங்கே வைத்தோம் என்று தேடினார். மேஜையில்தான் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். நீ எனக்கு மகள் மாதிரி என்றார். நல்ல மனுஷன், சார்.

அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் போய்விட்டார். தினம் போட்ட மாத்திரை உடம்பில் விஷமாகிவிட்டது என்றார்கள். ஊருக்கு உடலை அனுப்பும் பேப்பர் வேலைக்கெல்லாம் நான்தான் கூட நின்றேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தளம் ஜெபினாவின் அக்கவுண்டை மூடிவிட்டது, பெனிஷ் அவள் மேல் கேஸ் போட்டிருக்கிறான். அவள் என் மடியில் விழுந்து அழுதாள். "பிள்ளை ராத்திரி தூங்கவிடலக்கா. என் கைதான் தப்பா எழுதியிருக்கும். ஒரு மனுஷனக் கொன்னுட்டேன்." தலையைத் தடவிக் கொடுத்தேன். மன்னிப்பு உண்டு என்று சொன்னேன். என் பேரை அவள் எங்கேயும் சொல்லவில்லை. அக்காவை இதில் இழுக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். குணம் நல்ல குணம்தான், கவனம்தான் போதாது.

கிளினிக் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. முதல் வேலையாக அந்தத் தாளைத் திருத்தினேன். ஐந்து நட்சத்திரம் போட்டு, மற்றவர்கள் தவறவிடுவதை இவர் கண்டுபிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். வேண்டுமானால் காட்டுகிறேன்.

ஃபைலை யார் தொட்டது என்று கேட்டீர்கள். நான்தான் தொட்டேன். மாற்றியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன், பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஃபிரிட்ஜில் தாளைப் பார்த்த அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாமே என்றுதானே பார்க்கிறீர்கள்? எப்படித் திறப்பது? அது ஜெபினா பேரில் போன தாள். அவள் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்காமல் அடுத்தவர் வேலையில் கை வைக்கிற ஆள் நான் இல்லை, சார்.