உப்பனைக் கொன்ற அத்தியாயம்

வாய்விட்டுப் படித்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டரை நிமிடம் ஆகும். நடுவில் தண்ணீர் குடித்தால் மூன்று. பேருந்து நிலையத்தில் பதினான்கு வருடமாக அறிவிப்பாளராக இருப்பதால் இதெல்லாம் எனக்கு அத்துப்படி. எந்த வண்டி, எந்த நடைமேடை, எத்தனை நிமிடத் தாமதம் என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சொல்வதுதான் வேலை. வெளியே நிற்பவர்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை. மூன்றாம் நடைமேடை என்று சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றுக்குத்தான் ஓடுவார்கள்.

நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்கள், மேடம். சொல்கிறேன்.

எனக்கும் தங்கைக்கும் பதினோரு வயது இடைவெளி. அம்மா இறந்தபோது அவளுக்கு எட்டு. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். அவளுக்குத் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சலுக்கு விழித்திருந்து வளர்த்தது நான். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. பிறகு வரப்போவது புரிவதற்காகச் சொல்கிறேன்.

பதினெட்டு வயதில் அவள் ஒரு சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நாலாவது மாதம், வெளுப்பு மருந்து டப்பா ஒன்று மூடி தெறித்து அவள் முகத்தில் கொட்டியது. உயிருக்கு ஒன்றுமில்லை. இரண்டு கருவிழிகளும் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டன. வெளிச்சம், இருட்டு மட்டும் தெரியும். கருவிழி மாற்றினால் பார்வை திரும்ப வாய்ப்பு உண்டு, பட்டியலில் பதிந்துவிட்டுக் காத்திருங்கள் என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். படிவத்தை நான்தான் நிரப்பினேன். முகவரி எங்கள் வீடு. தொலைபேசி எண் என்னுடையது.

தங்கை விரும்பிப் படித்த கதைப் புத்தகங்கள் இதற்கெல்லாம் முன்பே வீட்டில் இருந்தன. ஐந்து பாகத் தொடர், அப்போது இரண்டுதான் வெளிவந்திருந்தது. மதில் சூழ்ந்த ஒரு நகரம். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. பதினாறு வயதில் அரசாங்கம் ஒரு தொழிலைக் கொடுக்கும், அதுவே பெயர். கதாநாயகி விளக்குக்காரி. மதிலுக்கு வெளியே உப்புச் சுரங்கத்திலிருந்து தப்பி வந்தவன் உப்பன். அவளை மனதுக்குள் விரும்பும் இன்னொருவன் வாயிற்காவலன். படிக்கிற பெண்கள் எல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வார்களாம். என் தங்கை உப்பன் கட்சி.

மூன்றாம் பாகம் வந்ததும் வாங்கிவரச் சொன்னாள். ஒலிப்புத்தகம் வரவில்லை. "நீ படிச்சுக் காட்டுக்கா. உன் குரல்ல கேட்டா நல்லாயிருக்கும்" என்றாள். தினமும் மாலை வேலை முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து இருபது பக்கம் படிப்பேன். அவள் கட்டிலில் தலையணையைக் கட்டிக்கொண்டு கேட்பாள். அத்தியாயம் ஆரம்பித்ததும் "உப்பன் வந்துட்டானா?" என்பாள், வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டானா என்று விசாரிப்பதுபோல.

எனக்கு அவனைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மதிலேறிக் குதிப்பான், மூன்று வாக்கியம் பேசுவான், உடனே அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவன் பின்னால் போய்விடுவாள். வாயிற்காவலன் எவ்வளவோ மேல். நேரத்துக்கு வேலைக்கு வருகிறவன். அதைச் சொன்னால் தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். "உனக்குக் கதைல வர்றவன்கூட வருகைப் பதிவேட்டுல கையெழுத்து போடணும்."

விளக்குக்காரிக்கு ஓர் அக்கா உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்காது, படித்தவர்களுக்கே நினைவிருக்காது. அவளைப் பற்றி மூன்று பாகங்களிலும் சேர்த்துப் பதினோரு வரி. நான் எண்ணிப் பார்த்தேன். தங்கையை வளர்த்தவள். தங்கை மதில் தாண்டிப் போனதும் அவளைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எங்கே, என்ன ஆனாள் என்று ஆசிரியர் சொல்லவே இல்லை. மறந்துவிட்டார் போல.

மூன்றாம் பாகத்தின் கடைசியில், விளக்குக்காரி விடியற்காலையில் வீட்டைவிட்டுப் போகிறாள். அச்சில் இருந்தது இப்படி: "அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை." நான் "திரும்பிப் பார்த்தாள்" என்று படித்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. வாய் அப்படி வந்துவிட்டது. தங்கை எதையும் கவனிக்கவில்லை. "பாவம் அவ அக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் தங்கை கோல் பிடித்து நடக்கக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். தனியாகத் தெருமுனைவரை போய் வருவாள். வெளியூரில் பார்வையற்றவர்களுக்கான விடுதியோடு சேர்ந்த பயிற்சிப் பள்ளி ஒன்று இருப்பதாக வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். "ரெண்டு வருஷம்க்கா. முடிச்சா அங்கயே வேலை. உனக்கும் பாரம் குறையும்." நான் அவளை ஒருநாளும் பாரம் என்று சொன்னதில்லை. அந்த வார்த்தையை அவளாகத்தான் சொன்னாள்.

நான்காம் பாகம் வந்தது. அதில் உப்பனும் விளக்குக்காரியும் பாலைவனத்தில் ஒரு கிணற்றைக் கண்டுபிடித்து, அங்கே தங்கி, தப்பி வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். அழகான பகுதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதைப் படிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வேறொன்றைச் சொன்னேன். உப்பன் அவளைக் காவலர்களிடம் காட்டிக்கொடுத்தான். தன் தண்டனை குறைவதற்காக. பிறகு அவர்கள் அவனையும் மதிலடியில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். விளக்குக்காரி ஊர் திரும்பி, கதவைத் தட்டினாள். காவலர்களிடமிருந்து திரும்பி வந்திருந்த அக்கா திறந்தாள்.

பத்தொன்பதாம் அத்தியாயம் அது. சரளமாக வந்தது. தாமதமான வண்டியை அறிவிக்கிற அதே குரல்தான்.

தங்கை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கதைக்காகவா என்று கேட்டேன். "கதைதான். ஆனா இவன நான் நம்பினேன்க்கா" என்றாள். மூன்றாம் நாள் கோலை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். வகுப்புக்குப் போகவில்லை. பயிற்சிப் பள்ளியைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை. "வெளிய போனா இப்படித்தான் ஆகும்போல" என்றாள் ஒருநாள், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சிரித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக் கடிதம் அதற்கு அடுத்த மாதம் வந்தது. வலது கண்ணுக்குப் பொருத்தமான கருவிழி கிடைக்கவிருக்கிறது, பத்து நாட்களுக்குள் நேரில் வந்து உறுதிசெய்யவும் என்று இருந்தது. வாசலிலேயே நின்று இரண்டு முறை படித்தேன். கை நடுங்கியது. சந்தோஷத்தில்தான் நடுங்கியது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். உள்ளே போனேன். "யாருக்கா, தபாலா?" என்றாள். சொல்ல வாயைத் திறந்தபோது அலமாரியில் நான்காம் பாகம் கண்ணில் பட்டது.

அவள் எப்போதும் சொல்வாள், கண் வந்தால் முதல் வேலையாக அந்த ஐந்தையும் தானே ஒருமுறை படிக்க வேண்டும் என்று.

கடிதத்தை மறுபடி விரித்துப் படித்துக் காட்டினேன். "பட்டியல் நீண்டிருப்பதால் தாங்கள் மேலும் சிறிது காலம் காத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." அவள் தலையணையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "சரி விடு. அவங்க மட்டும் என்ன பண்ணுவாங்க" என்றாள். என்னைத் தேற்றுவதற்காக அதைச் சொன்னாள்.

வேண்டாம் என்று நான் தொலைபேசியில் சொன்னதும், ஆஸ்பத்திரியில் அதை எழுத்துமூலமாகக் கேட்டார்கள். விருப்பமில்லை என்று ஒரு படிவம் அனுப்பினார்கள். அவள் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்து, கண்சொட்டு மருந்துக்கான படிவம் என்று சொன்னேன். எழுத்துக் கோணிவிட்டதோ என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். கையெழுத்து உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அந்த வாரம் வேலையில் ஒரு தவறு செய்தேன். பதினான்கு வருடத்தில் அது ஒன்றுதான். ஐந்தாம் நடைமேடை வண்டியை இரண்டு என்று சொல்லிவிட்டேன். முப்பது பேருக்கு வண்டி தவறியது. ஒலிபெருக்கியில் மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். மேற்பார்வையாளர் வந்து, "ஒரு தடவை போதும்மா, விடுங்க" என்றார். எனக்குப் போதவில்லை. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நடந்து வருவேன். செருப்பைக் கழற்றும்போது அவள், "வந்துட்டியாக்கா?" என்பாள். அவ்வளவுதான்.

வீட்டருகே ஒரு சின்னக் கண் மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் கண்ணின் அழுத்தம் பார்ப்பார்கள். அங்கிருந்த டாக்டர், அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, நரம்பு வாடுவதற்குள் மாற்றினால் நல்லது, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டார். "இன்னும் வரல டாக்டர்" என்றேன். அடுத்த வருடம் இரண்டாவது கடிதம் வந்தது. அப்போது கை நடுங்கவில்லை. சந்தோஷமும் இல்லை.

இந்த வருடம் ஐந்தாம் பாகம் வெளிவந்தது. நான் வாங்கிவந்து, பாதிவரை என் கதையை ஓட்டிக்கொண்டிருந்தேன். அச்சில் உயிரோடு இருப்பவனை அத்தியாயத்துக்கு அத்தியாயம் நீக்கிப் படிப்பது லேசான வேலையில்லை. அந்தச் சமயத்தில்தான் கண் மருத்துவமனைக்குப் போனோம். அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண், மடியில் அதே ஐந்தாம் பாகம். என்ன படிக்கிறாய் என்று தங்கை கேட்டிருக்க வேண்டும்.

"நீங்க எந்தக் கட்சி?" என்றாள் அந்தப் பெண்.

"ஒரு காலத்துல உப்பன் கட்சி. அவன் அப்படி பண்ணதுக்கப்புறம் மனசே விட்டுப்போச்சு."

"எப்படி பண்ணதுக்கப்புறம்?"

"காட்டிக்கொடுத்தானே. நாலாவதுல. சுட்டாங்களே."

"யாரை? உப்பனையா? இதோ இந்தப் பக்கத்துலதானே பேசிட்டிருக்கான்."

அந்தப் பெண் சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை. நான் பாட்டிலை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன், தண்ணீர் காலில் சொட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். வேறு எப்படி வருவாள்.

அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணைத் தங்கை மனப்பாடம் செய்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போன நேரங்களில் அந்தப் பெண் வந்து நான்காம் பாகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டியிருக்கிறாள். ஆறு நாள். அது முடிந்ததும் தங்கை, "தபால் வந்த அன்னிக்கு அலமாரி கீழ்த்தட்டுல அக்கா ஏதோ வெச்ச சத்தம் கேட்டுது, ஒரு கவர் இருக்கும். அதையும் படி" என்றிருக்கிறாள். அதில் இருந்த ஆஸ்பத்திரிக் கடிதங்களை நான் கிழித்துப் போடவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கே தெரியவில்லை.

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது இருவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, உப்பன் உயிரோட இருக்கான்" என்றாள் தங்கை.

"ஆமா."

"உட்காரு. இதப் படி."

என் கையில் முதல் கடிதத்தைக் கொடுத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். இந்த முறை இருந்ததை இருந்தபடி. அந்தப் பெண் பக்கத்தில் நின்று வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பத்து நாட்களுக்குள் என்ற இடத்தில் தங்கை, "இன்னொரு தடவ" என்றாள். இன்னொரு தடவை படித்தேன். அவள் அழவில்லை. "கதைய மாத்தினதக்கூட விட்டுடுவேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். போகும்போது தங்கை கதவுக்குப் பின்னாலிருந்த கோலைத் தடவி எடுத்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி பரிசோதித்திருக்கிறார்கள். இரண்டு கண்களிலும் நரம்பு போய்விட்டதாம். இனி கருவிழி கிடைத்தாலும் பயனில்லை. அன்றே செய்திருந்தால் ஒரு கண்ணாவது பிழைத்திருக்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளை நீங்கள் என் முன்னால் வைத்தீர்கள். படித்தேன்.

ஆகவே, ஆமாம். இரண்டு முறை வந்த பார்வையை இரண்டு முறையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். தெரிந்தே செய்தேன். யாரும் தூண்டவில்லை. கதையை மாற்றியது தெரிந்துவிடுமே என்ற பயத்தில் செய்தேன். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. அவள் என்னைவிட்டுப் போய்விடுவாள் என்பதற்காக இல்லை. அதை நீங்களாக எழுதிக்கொண்டிருந்தால் அடித்துவிடுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். புகார் கொடுத்தவள் என்ற முறையில் இந்த வாக்குமூலத்தை அவளுக்கு ஒருவர் படித்துக் காட்ட வேண்டும் என்றீர்கள். வேறு யாரையும் தேட வேண்டாம், மேடம். நானே படிக்கிறேன். என் குரல் அவளுக்குப் பழக்கம். ஓரிரண்டு இடம் மட்டும் அவளுக்குத் தாங்காது, அங்கே கொஞ்சம் பார்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.